பிலிடோர் நிலையில் அரைப் புள்ளி

மூன்று வாரமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அக்கா மகனோடு சதுரங்கப் பலகையில் ஒரே நிலையைத்தான் வைத்துப் பழகினேன். அவன் பக்கம் ராஜா, யானை, ஒரு சிப்பாய். என் பக்கம் ராஜாவும் யானையும் மட்டும். பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 1777-லேயே விளக்கிய டிரா வழி. போன போட்டியில் இதே நிலையில் அவசரப்பட்டுத் தோற்றது மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

இந்த முறை போட்டி கும்பகோணத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில். மன்னார்குடியிலிருந்து முதல் பஸ். பூவனூர் பக்கம் வந்ததும் கை தானாகக் குவிந்தது. சதுரங்கம் ஆடி ஜெயித்து அம்பாளைக் கைப்பிடித்த சதுரங்க வல்லபநாதர் ஊர் ஆயிற்றே.

கடைசி ரவுண்டில் எதிரே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். எனக்குக் கறுப்பு, கரோ-கான் என்ற தொடக்கம் ஆடினேன். மூன்றாவது மூவில் சிப்பாயை ஈ5 கட்டத்துக்குத் தள்ளினார், நான் பிஷப்பை எஃப்5-க்குக் கொண்டுவந்தேன், அவர் எச்4. இங்கே சும்மா ஈ6 ஆடினால் ஜி4, எஃப்3, எச்5 என்று வரிசையாகத் துரத்திப் பிஷப்பைப் பிடித்துவிடுவார்கள். அதனால் எச்5 ஆடினேன். பிறகு அந்த எச்5 சிப்பாயே போயிற்று. காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு, கடைசியில் வந்து நின்றது அதே நிலை!

அவர் ராஜா டி5, சிப்பாய் ஈ5, யானை எச்7. என் ராஜா ஈ8, யானை ஏ6. என் பக்கமிருந்து எண்ணினால் மூன்றாவது வரிசை. அதை விட்டால் அவர் ராஜா உள்ளே புகுந்துவிடும். கிளாக்கில் 4 நிமிடம். யானையை ஏ6, பி6, ஜி6 என்று அதே வரிசையிலேயே நகர்த்தினேன். செக் கொடுக்கக் கை துறுதுறுத்தது. உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஒருவழியாக அவர் சிப்பாயை ஈ6-க்குத் தள்ளினார். அதற்குத்தான் காத்திருந்தேன். சிப்பாய் ஆறாவது வரிசைக்குப் போய்விட்டால் அவர் ராஜா ஒதுங்க அங்கே இடமில்லை. உடனே யானை ஜி1. ராஜா டி6 வந்ததும் டி1-ல் செக், ஈ5 போனதும் ஈ1-ல் செக். இன்னும் நாலைந்து செக் வாங்கிவிட்டு டிராவுக்குக் கை நீட்டினார், ஆளுக்கு அரைப் புள்ளி. "நல்லா பிடிச்சீங்க தம்பி."

வெளியே டீ குடிக்கும்போது அவரே ஆட்டத்தைத் திரும்பச் சொல்லிக் காட்டினார். "எச்5-ஐக் காவல் இல்லாம விட்டதுதான் தம்பி கோளாறு." சரிதான் சார் என்றேன். இந்த வாரம் அக்கா மகனோடு வைக்கப்போவது அந்த நடு ஆட்டம்.