மனோரமா: பேச்சிலிருந்து எழுந்த பாத்திரங்கள்

அக்டோபர் 4

இந்த வாரம் மனோரமாவைக் காதால் மட்டும் கேட்பது. படத்தை ஓடவிட்டுத் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால்தான் அவர் செய்த வேலையின் பாதி பிடிபடும்.

1937 மே 26, மன்னார்குடியில் பிறப்பு. இயற்பெயர் கோபிசாந்தா. வளர்ந்தது காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூர். பின்னாளில் எல்லோரும் அழைத்த 'ஆச்சி' அந்தச் செட்டிநாட்டு மண்ணின் சொல்தான். 12 வயதில் மேடை ஏறியாயிற்று. பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழு.

மேடை கற்றுக்கொடுப்பது முதலில் மூச்சு. தொண்டையை வைத்துக் கத்தினால் மூன்றாம் நாள் குரல் கட்டிவிடும். அடிவயிற்றிலிருந்து மூச்செடுக்க வேண்டும், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கக் கூடாது. அடுத்தது, கொட்டகையில் சிரிப்பு எழுந்தால் அது அடங்கத் தொடங்கும்வரை காத்திருப்பது. அவசரப்பட்டால் அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும். ரொம்பத் தாமதித்தால் காட்சி படுத்துவிடும்.

சினிமாவில் எதிரே சிரிக்க ஆள் கிடையாது. கேமராவும் லைட்பாய்களும்தான். எங்கே சிரிப்பு வரும், எத்தனை விநாடி நிற்கும் என்று நடிகரே கணித்து இடம் விட வேண்டும். அந்த இடத்தில் மனோரமா சும்மா நிற்பதில்லை. முந்தானையை இழுத்துச் செருகுவார், மோவாயைத் தோளில் இடிப்பார். தியேட்டரில் சிரிப்பு ஓய்வதற்கும் அவர் வாய் திறப்பதற்கும் சரியாக இருக்கும்.

அக்டோபர் 5

1958, கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை'. முதல் படத்திலேயே நகைச்சுவை வேடம். 1963-ல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி. அந்த வழியில் அவர் தொடரவில்லை. தமிழ் சினிமாவுக்கு அது லாபம் என்றே நினைக்கிறேன். கதாநாயகிக்கு அன்று ஒரே ஒரு பேச்சுத் தமிழ்தான் கொடுத்தார்கள்.

அக்டோபர் 6

1968-ஐத் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஒரே வருடத்தில் 'தில்லானா மோகனாம்பாள்', 'பொம்மலாட்டம்'.

'தில்லானா'வில் அவர் நடித்த ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக்காரி. அதனால் அவளுக்கு இரண்டு குரல். பிறர் முன்னால் தன்னைக் காட்டிக்கொள்ளும்போது சுருதி ஏறி, கடைசி உயிரெழுத்து நீளும். மனம் நெகிழ்ந்தால் சுருதி இறங்கிக் கிராமத்துப் பெண் வெளியே வருவாள். இந்த ஏற்ற இறக்கத்தை ஒரே வசனத்துக்குள் மனோரமா செய்கிறார். நாயனத்தின் சத்தத்தைப் பற்றி, நாயனக் கலைஞனாக வரும் சிவாஜியிடம் கேட்கும் அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். குரலில் துளிகூடக் கிண்டல் கிடையாது. நிஜமாகவே பதில் தெரிய வேண்டும் என்கிற ஆர்வம். கொஞ்சம் கேலி கலந்திருந்தாலும் ரமாமணி திமிர் பிடித்தவளாகியிருப்பாள். அந்தக் கலைஞன்மேல் அவள் வைத்திருக்கும் மதிப்பு போயிருக்கும்.

'பொம்மலாட்ட'த்தில் முழுக்கச் சென்னை. 'வா வாத்தியாரே ஊட்டாண்ட' அவர் சொந்தக் குரலில் பாடியது, இசை வி.குமார். 'வீட்டு அண்டை' என்பது 'ஊட்டாண்ட' ஆகும்போது முதல் எழுத்திலேயே அழுத்தம் விழுகிறது, மற்றவை உருண்டு ஓடுகின்றன. சென்னைத் தமிழைப் போலியாகப் பேசுகிறவர்கள் பிடிபடுவது இங்கேதான்: 'இன்னா', 'கஸ்மாலம்' என்று சொற்களைப் பொறுக்கிக்கொள்வார்கள், ஓட்டம் தஞ்சாவூராகவே இருக்கும்.

அக்டோபர் 8

'சம்சாரம் அது மின்சாரம்' (1986) கண்ணம்மாவும் அதே சென்னைத் தமிழ்தான். ஆனால் இவள் வீட்டுவேலை செய்கிறவள். பேச்சு நீளும்போதே கை ஏதாவது வேலை தேடும்.

'சின்ன கவுண்டர்' (1992) தாய் வேடம் வேறு கணக்கு. கொங்குத் தமிழ், கூடவே துருத்திய பல் செட். பல் செட் போட்டவுடன் உதடு ஒட்டாது. ப, ம இரண்டும் உதடு ஒட்டினால்தான் பிறக்கும் எழுத்துகள். 'அம்மா' என்பதே காற்றுப்போன மாதிரி ஆகும். எச்சில் ஊறும், ச-வில் விசில் அடிக்கும். வழி ஒன்றுதான்: ஷாட்டுக்கு முன்பே மாட்டிக்கொண்டு பேசிப் பேசி நாக்கைப் பழக்க வேண்டும். மேலுதட்டைக் கொஞ்சம் கீழே இழுத்து ப, ம-வைப் பிடிக்க வேண்டும். டப்பிங்கிலும் கழற்றக் கூடாது. கழற்றிவிட்டால் திரையில் பல் இருக்கும், குரலில் இருக்காது. பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் உறுத்தும். இதற்கு மேல் 'ங்க' என்று இழுக்கும் கொங்கு முடிப்பு. அத்தனையையும் சுமந்துகொண்டு அந்தத் தாயின் பாசத்தை அவர் குறையாமல் கொடுத்திருக்கிறார்.

அக்டோபர் 9

எண்பதுகளிலேயே 1000 படங்களைத் தாண்டி கின்னஸில் இடம். 1958-லிருந்து வகுத்துப் பார்த்தால் மாதத்துக்குச் சராசரி மூன்று படம். 'புதிய பாதை'க்கு (1989) துணை நடிகைக்கான தேசிய விருது, 2002-ல் பத்மஸ்ரீ.

இப்படி ஒரே சமயத்தில் பல படங்களில் நடிக்கும்போது முதலில் கெடுவது கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தோற்றம் மாறாத தொடர்ச்சி. பொட்டின் அளவு, கொண்டை எந்தப் பக்கம், முந்தானை செருகலா தொங்கலா என்பதையெல்லாம் உதவி இயக்குநர் எழுதி வைத்துக்கொள்வார். குரலின் சுருதியை எந்த நோட்டிலும் எழுத முடியாது. மூன்று வாரம் கழித்துத் தொடரும் காட்சிக்கு அதே சுருதியை ஞாபகத்திலிருந்து எடுக்க வேண்டும். சின்னத்திரைத் தொடர்களிலும் நடித்தார். அங்கே குளோசப் அதிகம், ஒத்திகை குறைவு. மேடை அளவுக் கையசைப்பு ஃபிரேமுக்குள் அடங்காது.

அக்டோபர் 10

2015-ல் அவர் மறைந்த நாள்.

'மே மாதம்' (1994) படத்தின் 'மெட்ராச சுத்திப் பாக்கப் போறேன்' பாட்டை 'ஊட்டாண்ட' பாட்டுக்கு அடுத்து வைத்துக் கேட்டேன். நடுவே 26 வருடம். குரல் தடித்திருக்கிறது. முதல் எழுத்தில் விழும் அந்த அழுத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது.