படிக்கமும் வெந்தயமும்: பர்கண்டி, ஜூரா நாட்குறிப்பு

அக்டோபர் 5, 2023, வியாழன். டிஜோன்

பாரிஸிலிருந்து அதிவேக ரயில் ஒன்றரை மணி நேரத்தில் இங்கே, பர்கண்டி என்ற பிரெஞ்சு ஒயின் பகுதியில், இறக்கிவிட்டது. மைத்துனன் லியோனிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து நிலைய வாசலில் நின்றான். பெட்டியை விடுதியில் போட்டுவிட்டுச் சாப்பிடக் கிளம்பும்போது மணி இரண்டு பத்து. முதல் கடையில் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதில் ஒரு பெண்மணி தலையை மட்டும் ஆட்டினார். மூன்றாவதில் ஆறேழு பேர் சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அடுப்பை அணைத்தாகிவிட்டதாம்.

"பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, அத்தான். அதை விட்டால் இரவு ஏழரை."

"நடுவில் பசித்தால்?"

"இரண்டு மணி வரை சாப்பிட்டவனுக்கு எப்படிப் பசிக்கும்?"

ஒரு நீள ரொட்டியை வாங்கிப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பிய்த்துத் தின்றோம். அறுபத்தோரு வயதில் வெளிநாட்டில் எனக்குக் கிடைத்த முதல் விருந்து இது.

இந்தப் பயணத்துக்கு நான் தலையாட்டியதற்கு ஒரு காரணம் உண்டு. வேளாண்மைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். அதில் ஒன்பது வருடம் தேனி மாவட்டம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை 1832இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்வார்கள். இந்த வருடம் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பாதிரியாரின் ஊரில் கொடியை எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்க்க ஆசை. குடிப்பதில் பெரிய ஆசையில்லை, விரோதமும் இல்லை. வீட்டில் இதன் முதல் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 6, வெள்ளி. டிஜோன்

காலையில் இரும்புக் கூரை போட்ட பெரிய சந்தை. ஈபிள் கோபுரத்துக்குப் பெயர் தந்த குஸ்தாவ் ஈபிள் இந்த ஊரில் பிறந்தவர் (1832, பன்னீர் திராட்சை நம்மிடம் வந்ததாகச் சொல்லும் அதே வருடம்). சந்தையில் பாதி கடைகளுக்கு முன்னால் நின்று பெயர் கேட்பதிலேயே இரண்டு மணி நேரம் போயிற்று. வோக்கோசுத் தழையோடு பன்றி இறைச்சியைக் கூழ்ப்பாகாக உறையவைத்து, பளிங்குக் கல்போல் துண்டு போடுகிறார்கள். பார்க்க அழகு. வாயில் குளிர்ச்சி. நான் இரண்டாவது துண்டு கேட்கவில்லை.

கடுகு விஷயத்தில் எனக்கு ஏமாற்றமும் உண்டு, சிரிப்பும் உண்டு. 'டிஜோன் கடுகு' என்பது ஒரு செய்முறையின் பெயர்தானாம். எந்த ஊரிலும் அரைக்கலாம். விதையில் பெரும்பகுதி கனடாவிலிருந்து வருகிறது. 2021இல் அங்கே வறட்சி அடித்தது. மறு வருடம் பிரான்சு முழுக்கக் கடைத் தட்டுகளில் கடுகு இல்லாமல் மக்கள் அலைந்தார்கள். உள்ளூர் விதையும் உள்ளூர் வெள்ளை ஒயினும் சேர்ந்தால்தான் 'பூர்கோஞ் கடுகு' (பர்கண்டிக்குப் பிரெஞ்சில் பூர்கோஞ்) என்று போடலாம். அதற்கு 2009இல் புவிசார் பாதுகாப்பு வாங்கியிருக்கிறார்கள். நாம் கடுகை எண்ணெயில் வெடிக்கவிட்டு அதன் கோபத்தைத் தணித்துவிடுகிறோம். இவர்கள் பச்சையாக அரைத்து அந்தக் கோபத்தை அப்படியே புட்டியில் அடைக்கிறார்கள். ஒரு கரண்டி மூக்குக்கு ஏறியதும் மைத்துனன் தண்ணீர் எடுத்து வைத்தான்.

மாலையில் கிர். அலிகோத்தே என்ற புளிப்பான வெள்ளை ஒயினில் கருந்திராட்சை போலிருக்கும் கசிஸ் பழ மதுவைக் கொஞ்சம் ஊற்றினால் கிர். 1945 முதல் 1968 வரை மேயராக இருந்த பெலிக்ஸ் கிர் என்ற பாதிரியார் விருந்தினருக்கெல்லாம் இதையே கொடுத்தாராம், பெயர் ஒட்டிக்கொண்டது. மறுபடி ஒரு பாதிரியார்.

அக்டோபர் 7, சனி. வூஜோ வழியாக போன்

போன் என்பது ஊர்ப் பெயர். "போனுக்கு வந்துவிட்டோம்" என்று மனைவியிடம் போனில் சொன்னேன். அவளுக்குப் புரியவைக்க ஐந்து நிமிடம்.

டிஜோனிலிருந்து தெற்கே ஒரு குன்றுச் சரிவு. சரிவின் நடுவயிற்றில்தான் உலகமெல்லாம் ஏலம் கேட்கும் ஒயின்கள் விளைகின்றன. மேலே போனால் மண் மெல்லியது, குளிர் அதிகம். கீழே சமவெளியில் களி கனத்து நீர் தேங்கும். நடுவில் சுண்ணாம்புக்கல்லும் களியும் கலந்து, நீர் வடியும், காலை வெயில் நேரே விழும். இது எந்த மண் ஆய்வாளனுக்கும் விளங்குகிற விஷயம். விளங்காதது, ஒரு வரப்பைத் தாண்டினால் விலை பத்து மடங்காவது. இப்படிப் பெயரிட்டு எல்லை கட்டிய 1,247 துண்டுகளை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. துண்டுக்கு 'கிளிமா' என்று பெயர். நம் ஊரில் வயலுக்கு வயல் பெயர் இருந்த காலத்தை நினைத்துக்கொண்டேன். பட்டாவில் ஏறியதும் எல்லாம் எண்ணாகிவிட்டன.

கொடிகள் இடுப்புயரம்கூட இல்லை. கம்பத்தில் பந்தல் போட்டுத் தலைக்கு மேல் படரவிட்டு, வருடத்தில் இரண்டு முறைக்குக் குறையாமல் கவாத்து செய்து, எந்த மாதமும் பழம் பார்க்கிறவர்கள் நாம். இங்கே வருடத்துக்கு ஒரே அறுவடை, ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடி, தண்ணீர் பாய்ச்சுவதே கிடையாது. அறுவடை முடிந்து இலை மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

ரொமானே கோன்தி என்ற புகழ்பெற்ற திராட்சைத் தோட்டத்தின் சிலுவைக்கு முன் நின்றோம். மொத்தம் 1.8 ஹெக்டேர், நாலரை ஏக்கர். தோட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள் என்று கல்லில் எழுதியிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்செரா பூச்சி வேரைத் தின்று ஐரோப்பியத் திராட்சையையே அழித்தபோது, அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித்தான் பெரும்பாலோர் தப்பித்தார்கள். இந்தத் துண்டில் மருந்தைச் செலுத்திச் செலுத்தி ஒட்டில்லாத பழைய கொடிகளை 1945 வரை காப்பாற்றியிருக்கிறார்கள். பிறகு பிடுங்கிவிட்டு ஒட்டுக்கன்று வைத்தார்கள். 1952 வரை ஒயின் இல்லை. பாதைக்கு இந்தப் புறம் கிடந்த ஒரு சரளைக்கல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

குளோ தெ வூஜோ: சிஸ்தெர்சிய சபைக் கிறிஸ்தவத் துறவிகள் மதில் கட்டி வளர்த்த தோட்டம், ஐம்பது ஹெக்டேர். பிரெஞ்சுப் புரட்சியில் அரசு பறிமுதல் செய்து விற்றது. இன்று மதிலுக்குள் எண்பது பேருக்கு மேல் உரிமையாளர்கள். நெப்போலியனின் சட்டப்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு, ஆகவே பர்கண்டி முழுக்கப் பாகப்பிரிவினை. சிலருக்கு மிஞ்சியது சில வரிசைக் கொடிகள். ஒரே மண், ஒரே மதில், ஆனால் எண்பது விதமான ஒயின். மண்தான் எல்லாம் என்று சொல்லி விற்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? துறவிகள் மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துத் துண்டு பிரித்தார்கள் என்று ஒரு கதையும் சொல்கிறார்கள். சிரித்தேன். ஆனால் உவர் இருக்கிறதா என்று மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்த பெரியவர்களை நானே தேனியில் கண்டிருக்கிறேன்.

மாலை மூன்று மணிக்கு ஒரு சிறிய நிலவறையில் சுவை பார்த்தல். முன்பதிவு செய்து போனோம். மூன்று தரங்கள்: கிராமப் பெயர் போட்டது, அதற்கு மேல் பிரெமியே குரு, எல்லாவற்றுக்கும் மேல் கிரான் குரு. மேசை நடுவில் ஒரு உலோகப் பாத்திரம். மைத்துனன் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்து, அதில் துப்பினான். வண்டி ஓட்டுகிறவன், லிட்டர் இரத்தத்துக்கு அரை கிராம் என்பது சட்டம். நியாயம். ஆனால் எனக்குக் கை நடுங்கியது. நான்கு பேர் பார்க்க, எதிரே நிற்கிற மனிதரின் உழைப்பை எப்படித் துப்புவது?

"படிக்கம்தான், அத்தான். தாத்தா வீட்டில் இருந்ததே."

வெற்றிலைச் செல்லத்துக்குப் பக்கத்தில் பளபளவென்று தேய்த்து வைத்த அந்தப் பித்தளைப் படிக்கம் கண் முன் வந்தது. அதன் பிறகு கூச்சம் போய்விட்டது. மூன்றில் இரண்டைத் துப்பினேன். கிரான் குருவைத் துப்பவில்லை. ஈரமான காட்டுத்தரை, செர்ரிப்பழம், கொஞ்சம் கசாப்புக்கடை. அதற்குமேல் சொன்னால் நானும் விற்பனையாளனாகிவிடுவேன்.

இரவு விடுதியில் சரளைக்கல்லின் மேல் சாலட் வினிகரைச் சொட்டினேன். நுரைத்தது. சுண்ணாம்புக்கல். எனக்குத் திருப்தி.

அக்டோபர் 8, ஞாயிறு. போன்

ஒத்தேல் தியே. 1443இல் நிக்கோலா ரொலான் என்ற அமைச்சரும் அவர் மனைவி கிகோன் தெ சலானும் ஏழைகளுக்காகக் கட்டிய மருத்துவமனை. சிவப்பு, பழுப்பு, மஞ்சள், பச்சை என்று மெருகோட்டின் கோலம் கூரை முழுவதும். இத்தனை பேரை ஏழையாக்கியவர் அவர்களுக்கு ஒரு மருத்துவமனை கட்டியது பொருத்தம்தான் என்று பதினோராம் லூயி மன்னர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. பணம் இன்றும் திராட்சையிலிருந்து வருகிறது: தானமாகக் கிடைத்த சுமார் அறுபது ஹெக்டேர், நவம்பர் மூன்றாம் ஞாயிறு ஏலம், 1859 முதல்.

ரோகியர் வான் டெர் வைடன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம் இருட்டறையில் இருக்கிறது. தேவதூதர் கையில் தராசு. கனமான தட்டு பாவியின் தட்டு. சித்திரகுப்தனிடம் கணக்கேடு, இங்கே எடைக்கல்.

பகலுணவுக்கு 12.40. ஜெயித்துவிட்டோம்! ஒயினில் வேகவைத்த முட்டை: சிவப்பு ஒயின், வெங்காயம், காளான், உப்பிட்ட பன்றிக்கொழுப்பு சுண்டிய குழம்பில் மஞ்சள் கரு உடையாமல் மிதக்கிறது. ரொட்டியால் தட்டைத் துடைத்தெடுத்தேன். நம் முட்டைக் குழம்புக்குத் தூரத்து உறவு, பணக்கார உறவு.

வாங்கிய எப்வாஸ் சீஸைக் காரில் வைத்தது என் பிழை. திராட்சைச் சக்கையில் வடித்த சாராயத்தால் கழுவிக் கழுவிப் பழுக்கவைப்பது. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஓட்டினோம்.

அக்டோபர் 9, திங்கள். லூவான்

திங்களன்று பிரெஞ்சுக் கிராமம் பாதி உறங்கும். லூவானில் மட்டும் திங்கள்தான் சந்தை. பிரெஸ் கோழி: வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால். தேசியக்கொடியே நடந்துவருகிறது என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டார்கள். 1957 முதல் பெயருரிமை, கோழி ஒன்றுக்குக் குறைந்தது பத்து சதுர மீட்டர் புல்தரை, மக்காச்சோளமும் பாலும் தீனி, காலில் வளர்த்தவரின் வளையம். கிழவர் ஒருவர் கோழியின் மார்பு இறகை ஊதி விலக்கித் தோலைப் பார்த்தார். நாட்டுக்கோழிச் சந்தையில் எங்கள் சித்தப்பா செய்வது அச்சு அசலாக இதுதான்.

காலை ஒன்பது மணிக்கே கன்றுத்தலைக் கறி சாப்பிட ஒரு கூட்டம். நான் காபியோடு நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபர் 10, செவ்வாய். பொலிஞி

பர்கண்டிக்குக் கிழக்கே ஜூரா மலைப்பகுதிக்கு வந்துவிட்டோம். மலைக்காற்று. சுற்றியுள்ள பண்ணைகளின் பாலைக் கூட்டுறவாகச் சேர்த்துக் கொந்தே சீஸ் செய்கிறார்கள். எழுநூறு வருடத்துக்கும் மேலான பழக்கம். ஒரு சக்கரத்துக்கு நானூறு லிட்டர் பால், நாற்பது கிலோ எடை. தனி ஒரு குடியானவனால் முடியாது, ஆகவே கூட்டுறவு. நம் பால் சங்கத்துச் செயலாளர் யாராவது இதைப் பார்த்தால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பசுவுக்குப் பதப்படுத்திய புளித்த தீவனம் கூடாது. புல், இல்லாவிட்டால் வைக்கோல்போல் உலர்த்திய புல். குறைந்தது நான்கு மாதம் பழுக்க வேண்டும். நிலவறையில் பதம் பார்ப்பவர் ஒரு சிறிய சுத்தியால் சக்கரத்தைத் தட்டிக் காது கொடுக்கிறார். தேங்காய் பார்க்கிற காது.

அக்டோபர் 11, புதன். ஷாத்தோ ஷலோன்

மலை விளிம்பில் ஒரு சிறு கிராமம். இங்கே விளைவது சவாஞ்ஞான் திராட்சை, ஊர்ப் பெயரில் செய்வது மஞ்சள் ஒயின் மட்டும். சாதாரணமாகப் பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்புவார்கள். இவர்கள் நிரப்புவதில்லை. குறைந்த இடத்தில் ஈஸ்ட் பரவி மேலே ஒரு ஆடை கட்டுகிறது, காய்ச்சிய பாலில் படிவது போல. அந்த ஆடைக்குக் கீழே ஆறு வருடம் மூன்று மாதம். யாரும் தொடுவதில்லை. ஒரு லிட்டரில் கடைசியில் மிஞ்சுவது 62 சென்டிலிட்டர் என்று கணக்கு. புட்டியும் அதே அளவு, குட்டையாக, தோள் அகன்று. விளைச்சல் தரமில்லாத வருடங்களில் ஊரே கூடித் தன் பெயரைப் போட மறுத்துவிடும்: 1974, 1980, 1984, 2001. இதுதான் நான் இந்தப் பயணத்தில் கேட்ட மிக நல்ல செய்தி. புவிசார் குறியீடு வாங்க விண்ணப்பம் எழுதிக்கொடுத்தவன் நான். குறியீட்டை வேண்டாமென்று சொல்ல ஒரு படிவம் இருக்கலாம் என்று தோன்றியதே இல்லை.

2016 அறுவடை ஊற்றினார்கள். மூக்குக்கருகே கொண்டுபோனேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்ன அத்தான், பிடிக்கவில்லையா?"

"வெந்தயம்."

ஊற்றிய பெண்மணி முகம் மலர்ந்து, "கறி, கறி" என்றார். இந்தியர் யார் வந்தாலும் சொல்வார் போலிருக்கிறது. கறியுமில்லை, மசாலாவுமில்லை. வாணலியில் சிவக்க வறுத்த வெந்தயம். பிறகு மைத்துனன் கைப்பேசியில் படித்துக் காட்டினான்: சோட்டோலோன் என்ற சேர்மம், வெந்தயத்துக்கு மணம் தருவதும் அதுவே, ஆடைக்குக் கீழே இந்த ஒயினில் விளைவதும் அதுவே. ஆடை, வெந்தயம், ஏறக்குறைய ஐயாயிரம் மைல் தாண்டி வந்து அம்மாவின் அடுப்படியில் நின்றேன். கூடவே கொந்தே ஒரு துண்டு, வால்நட் நான்கு. இதைத் துப்பவில்லை. பக்கத்தில் படிக்கம் சும்மா இருந்தது.

ஒரு புட்டி வாங்கிக்கொண்டேன். ஐம்பது வருடம் தாங்குமாம். "யார் குடிப்பது?" என்று அவள் கேட்டாள். "குழம்பில் ஊற்றிப் பார்ப்போம்" என்று சொல்லிவைத்தேன்.

அக்டோபர் 12, வியாழன். தோல்

ரயில் மூன்று மணிக்கு. 1822 டிசம்பரில் லூயி பாஸ்டர் ஒரு தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்த வீடு இந்த ஊரில்தான், கால்வாய்க் கரையில். ஒயின் ஏன் கெட்டுப்போகிறது என்று ஆராய்ந்து, மெல்லச் சூடாக்கினால் கெடாது என்று கண்டவர். அதைத்தான் பிறகு பாலுக்குச் செய்தார்கள். அந்த வீட்டு வாசலுக்கு வரும்போது பதினொன்று ஐம்பது.

"உள்ளே போகலாமா, அத்தான்?" என்றான்.

"பாஸ்டர் பிறந்து இருநூறு வருடமாகிறது, அவர் காத்திருப்பார். சமையலறை இரண்டு மணிக்கு மூடிவிடும்" என்று சொல்லிவிட்டு நான் முன்னால் நடந்தேன்.