எழுதத்தான் வேண்டுமா?

"மேலே பார்த்ததை அறிக்கையில் எழுதத்தான் வேண்டுமா?" என்று கேட்டார் கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக்கைச் சேர்ந்த அந்த விவசாயி. "ஆமாம், எழுதாமல் விட முடியாது" என்றேன். அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. பழைய வீடுகளை ஆய்ந்து எழுதும் இந்த வேலையில் எத்தனையோ பேர் என்னிடம் கோபப்பட்டிருக்கிறார்கள், அதெல்லாம் மறந்துவிட்டது. கோபமே இல்லாமல் கேட்ட இந்தக் கேள்விதான் விடாமல் கூடவே வருகிறது.

முன்னாலிருந்து பார்த்தால் அது 18-ஆம் நூற்றாண்டு வீடு. செங்கல் முகப்பு, வரிசை பிசகாத சன்னல்கள். அவர் குடும்பமும் அப்படித்தான் நம்பியிருந்தது. கிழக்கு இங்கிலாந்தில் முகப்பை நம்பக் கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம். செங்கல்லுக்குப் பின்னால் ஓக் மரச் சட்டமும், குச்சிப் பின்னலில் களிமண் அப்பிய சுவரும் ஒளிந்திருக்கும். அதனால்தான் முதலில் பரணில் ஏறுவோம்.

ஏறினேன். டார்ச் வெளிச்சத்தில் கைமரங்கள் எல்லாம் கறுப்பு. தூசியின் கறுப்பு இல்லை; புகை ஏறி ஏறித் தார் மாதிரி இறுகிப்போன கறுப்பு. குறுக்கு உத்தரத்தின் நட்டநடுவில் ஒரு கிரவுன் போஸ்ட். கூரையின் நெடுக ஓடும் சட்டத்தைத் தாங்கும் ஒற்றைத் தூண் அது. தலையிலிருந்து வளைந்த கைகள் விரிகின்றன. ஒரு கோடியில் பழைய மண் தடுப்பு. அதன் இந்தப் பக்கம் கன்னங்கரேல், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் களிமண் தன் நிறத்திலேயே இருக்கிறது. புகை எதுவரை வந்தது என்று கோடு கிழித்துக் காட்டியது போல.

அதாவது, இது புகைபோக்கி வருவதற்கு முன் கட்டிய வீடு. நடு ஹாலுக்கு மேல்தளமே கிடையாது. தரையில் திறந்த அடுப்பு, புகை நேராகக் கூரைக்கு ஏறித் தானே வழி தேடி வெளியேறும். ஹாலின் ஒரு பக்கம் குடும்பத்தின் அறை, மறுபக்கம் சாமான்களும் பானங்களும் வைக்கும் அறைகள். இந்த மாதிரிக் கூரை 15-ஆம் நூற்றாண்டாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வாசலில் தெரிந்ததற்கும் இதற்கும் ஏறக்குறைய முந்நூறு வருட இடைவெளி.

அவருக்கு வேண்டியிருந்தது வேறு. மகள் இரண்டு குழந்தைகளோடு ஊர் திரும்புகிறாள். பரணை அறைகளாக்க வேண்டும். வரைபடத்தில் அந்தத் தூண் சரியாகக் குழந்தைகள் அறையின் நடுவில் வந்தது. அதை எடுத்துவிட்டு இரும்புச் சட்டம் வைப்பது, கைமரங்களை மணல் வீசிச் சுத்தம் செய்வது, இடையில் குளிர்காப்பு அடைப்பது என்று திட்டம். வீடு ஏற்கெனவே பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் இருந்தது. 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அப்படி மாற்றினால் குற்றம். அனுமதி கேட்க, வீட்டின் சிறப்பு என்ன என்று ஒருவர் எழுதித் தர வேண்டும். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார். கட்டணம் தருபவரும் அவரே.

பட்டியலில் உள்ள குறிப்புகளில் பல, ஆய்வாளர் வீட்டுக்குள் நுழையாமலே எழுதியவை. இந்த வீட்டின் குறிப்பும் அப்படித்தான். முகப்பையும் வாசலையும் தாண்டவில்லை. நான் எழுதாவிட்டால் கைமரங்களில் படிந்த புகைக்கரி யாருக்கும் தெரியாமலே போயிருக்கலாம். திட்ட அலுவலகத்திலிருந்து யாராவது ஏறிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்தான். பார்த்திருப்பார்களா?

என் பக்கம் நியாயம் இருக்கிறது. மரத்தைத் திருப்பி வைக்கலாம், கரியைத் திருப்பி வைக்க முடியாது. கென்ட்டில் நீர்த்தேக்கம் கட்டியபோது இடம் பெயர்க்கப்பட்ட பேலீஃப் என்ற பண்ணை வீட்டை, சிங்கிள்டனில் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். ஹால் நடுவே தீ மூட்டி, புகை எப்படிப் போகும் என்று காட்டுகிறார்கள். ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். இவர் தலைக்கு மேல் அந்தப் புகையே இருக்கிறது. அதை மணல் வீசி உதிர்ப்பதற்கு என் கையெழுத்து போட்ட அறிக்கை உதவக் கூடாது.

சரி. ஆனால் வில்லியம் ஹாரிசன் என்ற எசெக்ஸ் பாதிரியார், 1577-இல் வெளிவந்த தன் நூலில், ஊர்ப் பெரியவர்கள் வியந்த மாற்றங்களில் முதலாவதாகச் சொல்வது புதிதாகப் பெருகிய புகைபோக்கிகளை. கிட்டத்தட்ட அந்தத் தலைமுறையில்தான் இந்த மாதிரி ஹால்களை வெட்டி நடுவில் செங்கல் புகைபோக்கி எழுப்பி, குறுக்கே தளம் போட்டு மாடி ஆக்கினார்கள். யாரும் அறிக்கை கேட்கவில்லை. புகையில் கண் எரிந்தது, வசதி வந்தது, மாற்றினார்கள். அப்போது என்னைப் போல ஒருவன் இருந்து, 'திறந்த ஹால் அரிது, தொடக் கூடாது' என்று எழுதியிருந்தால் அந்த வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் எப்போதோ விழுந்திருக்கும். அவர்கள் வெட்டியதையும் இன்று சேர்த்தே பாதுகாக்கச் சொல்கிறோம். இவர் வெட்டுவதை மட்டும் ஏன் வரலாறு என்று சொல்ல மறுக்கிறோம்? அன்று அப்படிப்பட்ட ஹால்கள் ஊருக்கு ஊர் இருந்தன, இன்று மிஞ்சியதில் ஒன்றைத் தொட்டாலும் இழப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதி ராத்திரியில் அந்தப் பதில் போதவில்லை.

மாற்று வழி ஒன்றும் சொன்னேன். வீட்டின் பின்னால் பழைய பால் அறை இருந்தது. வீட்டுச் சன்னல்களை எண்ணி வரி வாங்கிய காலத்தில் பால் அறைச் சன்னலுக்கு விலக்கு கிடைக்கும், ஆனால் இது பால் அறை என்று கதவின் மேல் எழுதி வைக்க வேண்டும். அந்த எழுத்தின் தடம் அங்கே மங்கலாக இன்னும் இருந்தது. அதைப் படுக்கையறை ஆக்கலாமே என்றேன். "வடக்குப் பார்த்த அறை. பால் கெடாமல் இருக்கக் குளிராகக் கட்டியது. குழந்தைகளை அங்கே படுக்க வைக்கவா?" என்று கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அனுமதி மறுக்கப்பட்டது. மறுப்புக் கடிதத்தில் கரியைப் பற்றிய என் பத்தியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். மகள் பக்கத்து டவுனில் வாடகை வீடு பார்த்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். என் கட்டணத்தைத் தாமதிக்காமல் அனுப்பிவிட்டார்.

அந்தப் பத்தியை இப்போது படித்தாலும் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். உறுத்துவது வேறு. அதை எழுதும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மண் தடுப்பின் இரண்டு பக்கத்தையும் விவரித்த வரிகளை அனுபவித்து எழுதினேன், அது படிப்பவர் மனதிலும் பதிந்தது. வறட்சியாக எழுதியிருந்தால் முடிவு மாறியிருக்குமா? மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அவர் இழந்ததும் நான் மகிழ்ந்ததும் ஒரே வரிகளில் இருக்கின்றன.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஏணியில் கால் வைப்பதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவேன்: மேலே என்ன பார்த்தாலும் எழுதுவேன். நேர்மையான முறை என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் சமையலறை நீட்டிப்பு மாதிரி வேலைக்குக் கூப்பிடும் சிலர், "அப்படியானால் பரண் வேண்டாம், கீழே மட்டும் பாருங்கள்" என்கிறார்கள். கேட்டுக்கொண்டு கீழே மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன். பரணைப் பார்க்கவில்லை என்று அறிக்கையில் ஒரு வரி போடுகிறேன். அந்தப் பரண்களில் கரி இருந்தால், நான் முன்கூட்டியே சொன்னது அந்த வீடுகளுக்கு நல்லதா கெட்டதா என்று என்னால் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.