107 கிலோமீட்டர் உயரத்துச் சாட்சிகள்

வணிகக் கப்பலில் வழிசெலுத்தும் அதிகாரியாக இருப்பவருக்குப் பூமியின் வடிவம் விவாதப் பொருளாக வருவதில்லை. கணக்கில் கழிக்கவேண்டிய ஒரு திருத்தமாகவே வருகிறது. செக்ஸ்டன்ட் கருவியை எடுத்துத் தொடுவானத்திலிருந்து ஒரு விண்மீனின் உயரத்தை அளந்த பிறகு, நாங்கள் ‘டிப்’ என்று சொல்லும் தொடுவானத் தாழ்வை அந்த அளவிலிருந்து கழித்தாக வேண்டும். கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜில் நிற்பவரின் கண் கடல்மட்டத்துக்கு மேல் 25 மீட்டர் உயரத்தில் இருந்தால், தொடுவானம் கிடைக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 8.8 வில்நிமிடம் கீழே தெரியும். பூமியின் பரப்பில் ஒரு வில்நிமிடம் என்பது ஒரு கடல் மைல். ஆகவே இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் கப்பல் இருக்குமிடத்தைக் காட்ட வரைபடத்தில் நாம் இடும் நிலைக்கோடு கிட்டத்தட்ட ஒன்பது கடல் மைல் தள்ளி விழும். கடல் தட்டையாக இருந்திருந்தால் நாட்டிக்கல் அல்மனாக் என்ற மாலுமிகளின் வானியல் கையேட்டின் முன்பக்கங்களில் இந்தத் திருத்தத்துக்காக உள்ள அட்டவணைக்கே வேலை இருந்திருக்காது.

இப்படி அன்றாட வேலையாகிப்போன ஒன்றைப் பற்றி நான் முதன்முறையாகக் கொஞ்சம் நின்று யோசித்தது 2021 ஜூலையில். கொரோனா காரணமாக ஆள்மாற்றம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் பலர் கப்பலிலேயே இருந்தோம். கைபேசியில் சேமித்து வைத்த காணொளிகள்தான் மெஸ் அறையின் பொழுதுபோக்கு. சீஃப் ஆபீசராக நான் பார்த்த நான்கு முதல் எட்டு மணி வரையிலான வாட்ச் என்ற பணிமுறையில் என்னோடு லுக்அவுட்டாக, அதாவது கடலைக் கண்காணிப்பவராக, நின்றவர் தூத்துக்குடியைச் சேர்ந்த ஓர் ஏபி, அதாவது தேர்ந்த மாலுமி. வயதிலும் கடல் அனுபவத்திலும் என்னைவிட மூத்தவர் என்பதால் அவரை நான் அண்ணாச்சி என்றே அழைப்பேன். ஜெஃப் பெசோஸ் நியூ ஷெப்பர்ட் ராக்கெட்டில் விண்வெளிக்குப் போய்வந்த செய்தியைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் கேட்டார்: “சார், அவங்க பொய் சொல்லுதாங்கன்னு நான் சொல்லல. ஆனா இதுவரைக்கும் போய்ப் பார்த்தவங்க எல்லாம் அரசாங்கத்து ஆளுங்கதான? இனிமே துட்டு குடுத்தா யார் வேணும்னாலும் போலாம்லா? அப்போ உருண்டையா தட்டையான்னு தெரிஞ்சிரும்லா?”

அவரைக் கேலி செய்ய எனக்குத் தோன்றவில்லை. பணம் கொடுத்து விண்வெளிக்குப் போகும் வழக்கம் 2001-இல் டென்னிஸ் டிட்டோ சோயுஸ் கலத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனபோதே தொடங்கிவிட்டது என்று மட்டும் சொன்னேன். இருபது ஆண்டுகளாகத் தனிமனிதர்கள் போய்வந்துகொண்டிருந்தும் பூமி உருண்டையா தட்டையா என்ற சந்தேகம் ஏன் தீரவில்லை என்பதுதான் எனக்குக் கேள்வியாக இருந்தது. வாட்ச் முடிந்ததும் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கலங்கரை விளக்கம் எவ்வளவு தொலைவில் தெரியத் தொடங்கும் என்று கண்டுபிடிக்கும் அதே வடிவியல்தான். கண்ணின் உயரம் மட்டும் மீட்டருக்குப் பதிலாகக் கிலோமீட்டரில் இருந்தது.

நியூ ஷெப்பர்ட் அன்று எட்டிய உயரம் சுமார் 107 கிலோமீட்டர். அந்த உயரத்திலிருந்து தொடுவானம் ஏறத்தாழ 1,170 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். கேட்பதற்குப் பெரிய தொலைவுதான், ஆனால் அந்த வட்டத்துக்குள் அடங்குவது பூமிப் பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. முழு உருண்டையாக நம் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கும் படம், 1972 டிசம்பரில் நிலவை நோக்கிச் சென்ற அப்பல்லோ 17 குழுவினர் சுமார் 29,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்தது. அங்கிருந்துகூடப் பூமியின் ஐந்தில் இரண்டு பங்குதான் தெரியும். டெக்சாஸ் பாலைவனத்திலிருந்து கிளம்பிப் பத்துச் சொச்சம் நிமிடத்தில் திரும்பிவிடும் பயணி, அந்தத் தொலைவில் இருநூற்றெழுபதில் ஒரு பங்குக்குத்தான் போகிறார். அவருக்குக் கிடைப்பது கறுத்த வானமும், நீல விளிம்பும், அந்த விளிம்பில் ஒரு வளைவும், மூன்று நிமிட எடையின்மையும். அதே மாதம் பறந்த விர்ஜின் கேலக்டிக் நிறுவனத்தின் விண்வெளி விமானம் அதற்கும் கீழே, 85 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் திரும்பிவிட்டது. அந்த இருக்கைக்கு அவர்கள் அந்த ஆண்டு அறிவித்த விலை 4,50,000 டாலர். ஓர் ஏபி பணிக்காலம் முழுவதும் சேர்த்தாலும் எட்டுமா என்பது சந்தேகமே.

அந்த வளைவும் சண்டைக்கு இடம் தருகிறது. அகலக்கோண லென்ஸ், படத்தின் நடுவுக்கு மேலே விழும் நேர்க்கோட்டையும் வில்லாக வளைத்துவிடும். அதே கோட்டை நடுவுக்குக் கீழே கொண்டுவந்தால் எதிர்ப்பக்கமாக வளைக்கும். பூமி தட்டை என்று வாதிடும் தட்டைப் பூமிக்காரர்கள் இதைச் சரியாகவே பிடித்துவைத்திருக்கிறார்கள். லென்ஸ் வேண்டாம், கண்ணால் பார்த்தேன் என்று பயணி சொன்னால், ஜன்னல் கண்ணாடி வளைந்தது என்பார்கள். பயணியிடம் இருப்பது ஒரு காட்சியும் அதைப் பார்த்த நினைவும்தான். அவர் கையில் அளவு எதுவும் இல்லை. அளவு இல்லாத சாட்சியை நம்புவதும் நம்பாததும், சாட்சி சொல்பவர் மீது நமக்கு ஏற்கனவே இருக்கும் மதிப்பைப் பொறுத்தது. பெசோஸ் மீது அண்ணாச்சிக்கு அப்படி ஒன்றும் மதிப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

சில நாட்கள் கழித்து, சிங்கப்பூரிலிருந்து மேற்கு நோக்கிப் போகும் வழியில், இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திர முனையை நெருங்கினோம். அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் ஒளி கடல்மட்டத்துக்கு மேல் ஐம்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. எங்கள் கண் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 25 கடல் மைலில் தொடுவானத்துக்கு மேலே எழவேண்டும். தெளிவான இரவுகளில் அதற்கு வெகு நேரம் முன்பே, விளக்கின் வெளிச்சம் கடலின் விளிம்புக்கு அப்பாலிருந்து வானத்தில் விசிறிபோல வீசுவது தெரியும். விளக்கு மட்டும் தெரியாது. பிறகு ஒரு கணத்தில் ஒளிப்புள்ளி தானே எழும். அந்தக் கணத்தில் ஒரு மாடி இறங்கினால் விளக்கு மறைந்துவிடும். பழைய மாலுமிகள் அறிந்த சோதனை இது, செலவும் இல்லை. பயிற்சி மாலுமியான கேடட்டை லுக்அவுட்டில் நிறுத்திவிட்டு, வாக்கிடாக்கியோடு அண்ணாச்சியைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினேன். மேலே எனக்கு ஒளி தெரிந்தபோது அவருக்குத் தெரியவில்லை. 14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்) வேகத்தில், மூன்று மீட்டருக்கும் குறைவான அந்த உயர வித்தியாசம் இரண்டரை நிமிடம் அளவுக்குத் தாமதமாக வெளிப்படவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். ஏறக்குறைய அவ்வளவு நேரத்தில்தான் “வந்துட்டு சார்” என்ற குரல் வந்தது.

அவர் மேலே வந்து சொன்னதை நான் இன்றும் மதிக்கிறேன். “கடல் வளைஞ்சிருக்கு, அத நான் ஒத்துக்கிடுதேன். அதுக்காக உலகம் முழுசும் உருண்டைன்னு எப்படி சார் சொல்ல முடியும்? நாம பார்த்தது இந்தத் துண்டுதான?” நியாயமான கேள்வி. ஆனால் இதே கேள்வி பெசோஸின் ஜன்னலுக்கும் பொருந்தும். அங்கிருந்து தெரிவதும் ஒரு துண்டுதான், கொஞ்சம் பெரிய துண்டு. துண்டுகளைச் சேர்த்து முழுமையை அறிவதற்கு உயரம் போதாது. தொலைவும் நாட்கணக்கும் வேண்டும். அது சுற்றுலாப் பயணியைவிடச் சரக்குக் கப்பல்காரனிடம் அதிகம் இருக்கிறது.

நான் அவருக்குத் தென்கோளத்தைக் காட்டினேன். தட்டைப் பூமிக்காரர்கள் பெரும்பாலும் காட்டும் வரைபடத்தில் வட துருவம் நடுவில் இருக்கும். தெற்கே போகப் போக நிலப்பரப்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போகும். அந்த வரைபடத்தில் கேப் டவுனிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டிலுக்கு நேர்க்கோட்டுத் தொலைவை அளந்தால் ஏறத்தாழ 11,000 கடல் மைல் வருகிறது. 14 நாட் வேகத்தில் முப்பத்து மூன்று நாள் பயணம். உருண்டையின் மீது பெருவட்டப் பாதையில் அளந்தால் அதே தொலைவு சுமார் 4,700 கடல் மைல், பதினான்கு நாள். அண்ணாச்சி முன்பு ஒரு பல்க் கேரியர் சரக்குக் கப்பலில் அந்த வழியில் போனவர். எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் கூடுதலாக, காற்று மோசமாக இருந்தது என்றார். நாளொன்றுக்கு முப்பது டன் எரிபொருள் குடிக்கும் கப்பலுக்கு இந்த இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம் ஐந்நூறு டன்னுக்கு மேல். கப்பலை வாடகைக்கு எடுத்து எரிபொருளுக்குப் பணம் தரும் சார்ட்டரர் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் ஒரு முறைகூட விட்டிருக்க மாட்டார். பூமியின் வடிவத்தை உலகில் மிகக் கறாராகத் தணிக்கை செய்கிறவர்கள் அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அண்ணாச்சி சிறிது நேரம் வரைபடத்தையே பார்த்துவிட்டு, “இத வரைஞ்சவன் கப்பல்ல போனவன் இல்ல” என்றார். ஆனால் ராக்கெட்டில் போய்ப் பார்க்கவேண்டும் என்ற ஆசையை அவர் விடவில்லை.

நேரில் பார்த்தே தீருவது என்று புறப்பட்டவர்களின் கதைகளைப் பின்னாளில் தேடிப் படித்தேன். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மைக் ஹியூஸ், தட்டைப் பூமிக்காரர்களிடம் நிதி திரட்டி, நீராவியால் இயங்கும் ராக்கெட்டைத் தானே கட்டியவர். ஒருநாள் விண்வெளியின் எல்லைவரை போய்ப் பூமியின் வடிவத்தைத் தன் கண்ணாலேயே பார்ப்பேன் என்றவர், 2020 பிப்ரவரியில் பார்ஸ்டோ அருகே அப்படி ஒரு ராக்கெட் விழுந்ததில் உயிரிழந்தார். அவருடைய தட்டைப் பூமி நம்பிக்கை விளம்பரத்துக்காகத்தான் என்று அவருடைய செய்தித் தொடர்பாளரே பிறகு சொன்னார்.

ஆனால் என் மனத்தில் நிலைத்தது 1870-இல் நடந்த பந்தயம். இயற்கைத் தேர்வை டார்வினோடு ஒரே காலத்தில் கண்டறிந்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், நில அளவையிலும் பயிற்சி பெற்றவர். பூமி வளைந்திருப்பதை நிரூபித்தால் 500 பவுண்டு தருவதாக ஜான் ஹாம்ப்டன் என்பவர் விட்ட சவாலை அவர் ஏற்றார். இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு கால்வாயில் ஆறு மைல் நீளத்துக்கு, நீர்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் குறிகளை வைத்துத் தொலைநோக்கியால் பார்த்தார். நடுவில் இருந்த குறி மேலெழுந்து தெரிந்தது. நடுவர் வாலஸ் வென்றதாகத் தீர்ப்புச் சொன்னார். ஹாம்ப்டன் ஏற்கவில்லை. வாலஸை மோசடிக்காரர் என்று ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதித் தூற்றினார், அவதூறுக்காகச் சிறைக்கும் போனார். பந்தயம் சட்டப்படி செல்லாது என்று வழக்குத் தொடுத்துப் பணத்தையும் மீட்டுக்கொண்டார். வாலஸிடம் அளவு இருந்தது, நடுவர் இருந்தார், கருவி இருந்தது. விண்வெளிச் சுற்றுலாவால் தர முடியாத அத்தனையும் இருந்தும் அந்தச் சந்தேகம் தீரவில்லை.

அண்மைக்கால நிகழ்ச்சிகளும் இதே பக்கம்தான் கைகாட்டுகின்றன. 2024 டிசம்பரில், கொலராடோவைச் சேர்ந்த ஒரு போதகரின் ஏற்பாட்டில், தட்டைப் பூமி பற்றிப் பேசிவந்த சிலர் அண்டார்க்டிகாவின் யூனியன் பனியாற்றுக்குப் போய், சூரியன் மறையாமல் இருபத்து நான்கு மணி நேரமும் சுற்றிவருவதைப் பார்த்தார்கள். வட துருவத்தை நடுவில் வைத்த தட்டை வரைபடத்தில் இது நடக்க முடியாது. போனவர்களில் ஒருவர், அப்படி நடக்காது என்று தான் நம்பியிருந்தது தவறு என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அது அரிய நேர்மை. ஆனால் வீட்டிலிருந்து பார்த்தவர்களில் ஒரு சாரார் படப்பிடிப்பே போலி என்றார்கள். அதுவரை தங்களுக்காகப் பேசியவர் இப்போது விலைபோய்விட்டார் என்றார்கள். 2025 ஏப்ரலில் ஃப்ராம்2 என்ற விண்வெளிப் பயணத்தில் நான்கு தனியார் பயணிகள், மனிதர் யாரும் அதுவரை சுற்றிவராத துருவப் பாதையில், இரு துருவங்களுக்கும் மேலாகப் பூமியைப் பல முறை சுற்றிவந்தார்கள். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம். வளைந்த விளிம்பைவிட இந்த ஒன்றரை மணி நேரம் எனக்குப் பெரிய சான்று. விளிம்பைப் பற்றிச் சண்டை போடலாம், ஆனால் கடிகாரம் எல்லோர் கையிலும் இருக்கிறது. அப்படியும் தட்டைப் பூமிக் காணொளிகள் நிற்கவில்லை.

ஆகவே சுற்றுலா பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. போகிறவர் கையில் கேமராவுக்குப் பதிலாக ஒரு கோணமானி இருக்கட்டும் என்பதே ஒரு கடல்காரனாக என் யோசனை. எடையின்மையில் தூக்குக்குண்டு தொங்காது, குமிழி மட்டமும் வேலை செய்யாது. எது கிடைக்கோடு என்பதே தெரியாது. ஆனால் நியூ ஷெப்பர்டில் ஆறு இருக்கைகளுக்கும் தனித்தனி ஜன்னல் உண்டு. எதிரெதிர் ஜன்னல்களை இணைக்கும் ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொண்டு, ஒவ்வொரு பக்கமும் தொடுவானம் அந்தக் கோட்டுக்கு எத்தனை பாகை கீழே இருக்கிறது என்று ஒரே நேரத்தில் இருவர் அளந்தால் போதும். கலம் சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் குறையும், மறுபக்கம் அதே அளவு கூடும், கூட்டுத்தொகை மாறாது. 107 கிலோமீட்டர் உயரத்தில் அது ஏறத்தாழ 21 பாகை வரவேண்டும், தட்டையான தரைக்கு மேலே என்றால் பூஜ்ஜியத்தை ஒட்டி வரவேண்டும். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் சாதாரணப் பயணிகள் விமானத்திலும் இதைச் செய்யலாம்; அங்கே கூட்டுத்தொகை ஏழு பாகைக்குச் சற்றுக் குறைவு. கண்ணாடி வளைந்திருந்தாலும் லென்ஸ் வளைந்திருந்தாலும் இருபத்தொரு பாகையைப் பூஜ்ஜியத்திலிருந்து உண்டாக்கிவிட முடியாது.

கப்பலிலிருந்து இறங்கி இருவரும் ஒரே விமானத்தில் ஊர் திரும்பியபோது இந்த யோசனையை அண்ணாச்சியிடம் சொன்னேன். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்றவர், எதிர் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவன் ஒழுங்காக அளந்தான் என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.