குச்சியில் தெரியாதது

மூக்குத் துவாரத்திலிருந்து காது வரை விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவு தூரம், அல்லது உள்ளே போய்த் தட்டும் வரை, குச்சி போக வேண்டும். மேல்நோக்கி அல்ல, நேராகப் பின்னோக்கி. தட்டிய இடத்தில் சில நொடி நிறுத்தி, மெல்லச் சுழற்றி எடுக்க வேண்டும். அதற்குள் எதிரே இருப்பவர் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிடும். தொண்டையில் எடுக்கும்போது குமட்டல் வரும், கூடவே இருமலும். அந்த இருமல் நேராக என் முகக்கவசத்தின் மேல்தான் விழும். 2020 மே மாதம் தொடங்கி ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைத் தெருக்களில் கொரோனா பரிசோதனைக்காக நான் செய்த வேலை இதுதான். லேப் டெக்னீஷியன் என்று பெயர். ஜனங்களுக்கு நான் "குச்சி விடுற அக்கா".

அந்த மே, ஜூனில் சென்னையிலேயே அதிகம் பேருக்குத் தொற்று வந்தது ராயபுரம் மண்டலத்தில். காரணத்தைத் தேடி வெளியே எங்கும் போக வேண்டாம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே கழிப்பறை. லாரித் தண்ணீர் வந்தால் எல்லாக் குடமும் ஒரே வரிசையில். இந்த வீட்டில் நின்றுகொண்டு "நீங்க தனி ரூம்ல இருங்க" என்று எப்படிச் சொல்வது? "வடசென்னை ஜனங்க சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க, சொன்னாலும் புரியாது" என்று டிவியில் யாராவது பேசினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நான் கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். புரியாமல் ஒன்றும் இல்லை. பாசிட்டிவ் என்றால் தெருவுக்குத் தகரம் அடிப்பார்கள், வாசலில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது தெருவே மாடியில் நின்று பார்க்கும், பதினாலு நாளைக்குக் கூலி கிடையாது. இதெல்லாம் மிக நன்றாகப் புரிந்ததால்தான் பலர் கேம்ப்புக்கு வராமல் இருந்தார்கள். வந்தவர்களிலும் சிலர் போன் நம்பரை ஒரு எண் மாற்றிச் சொன்னார்கள்.

அதனால் பரிசோதனை என்பது மூக்கில் தொடங்குவதில்லை, படிவத்தில்தான் தொடங்குகிறது என்று சீக்கிரமே கற்றுக்கொண்டேன். ஒரே கதவு எண்ணில் நாலு குடும்பம் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே போன், அந்தப் போனும் வெளியே போன மகனிடம் இருக்கும். ரிசல்ட் போனில் போகிறது என்பதால், நம்பர் தப்பானால் எடுத்த மாதிரிக்கு அர்த்தமே இல்லை. நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். நம்பரை எழுதியதும் அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். மணி அடித்தால் குச்சியை எடுப்பேன். அடிக்காவிட்டால் திட்ட மாட்டேன். "நம்பர் சரியா விழல போலக்கீது, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்பேன். இரண்டாவது முறை பெரும்பாலும் சரியான நம்பர் வரும்.

எடுத்த குச்சியைக் குழாயில் விட்டு, கோடு போட்டிருக்கும் இடத்தில் ஒடித்து, மூடியை இறுக்க வேண்டும். எங்களுக்கு வந்த குழாய்களில் இளஞ்சிவப்புத் திரவம் இருக்கும். எடுத்ததைக் கெடாமல் வைத்திருப்பது அதுதான், வி.டி.எம். என்போம். பஞ்சுக் குச்சியோ மரக் குச்சியோ உதவாது, பரிசோதனையைக் கெடுத்துவிடும். செயற்கை இழை வைத்த பிளாஸ்டிக் குச்சிதான். மூன்று அடுக்காகப் பொதிந்து, 2 முதல் 8 டிகிரிக்குள் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். ஜூன் வெயிலில் கல்மண்டபம் பக்கம் ஒரு ஷாமியானாவின் கீழே, கவச உடைக்குள் வியர்வை கணுக்காலில் தேங்கி நிற்க, நான் மணிக்கு ஒரு தரம் பார்த்தது அந்தப் பெட்டியின் தெர்மாமீட்டரைத்தான். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டிவரும், உடையைக் கழற்ற வேண்டிவரும் என்று குடிக்காமலே இருந்துவிடுவோம். அது போகட்டும், எல்லா இடத்திலும் எல்லோரும் பட்டதுதான்.

வேறொன்றைச் சொல்ல வேண்டும். ஏப்ரல் மாதம் விரலில் ரத்தம் எடுத்து அரை மணியில் முடிவு சொல்லும் ரேபிட் கிட் வந்தது, மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். சில நாளிலேயே அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. மாதக்கணக்கில் ஜனங்கள் என்னிடம் அதைக் கேட்டார்கள்: "அந்த ரத்த டெஸ்ட் வந்துச்சே, அத்த எடுக்க மாட்டியா?" அது தேடியது வைரஸை இல்லை, வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் பொருளை. அது உருவாகவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். இன்று தொற்று இருக்கிறதா என்று பார்க்க அது ஆகாது. குச்சியில் எடுத்து வைரஸையே தேடும் ஆர்.டி.பி.சி.ஆர். மட்டும்தான் என்று 2020-இல் தமிழ்நாடு உறுதியாக நின்றது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். தாமதமானாலும் கண்டால் நம்பலாம். ஆனால் அந்த நல்ல பரிசோதனைக்கும் ஒரு நாள் கணக்கு உண்டு. அந்தக் கணக்கில்தான் நான் தவறினேன்.

ஜூன் முதல் வாரம். காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மகனுக்கு இரண்டு நாள் முன்பு காய்ச்சல் கண்டு, முந்தின நாள்தான் பாசிட்டிவ் வந்து, கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. அறிகுறி இல்லாத, நெருங்கிப் பழகியவர்களுக்குத் தொடர்பு ஏற்பட்ட ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் ஒரு தரம் எடுக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. எனக்கு அது தெரியும். ஆனால் அவர் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். தண்டையார்பேட்டையில் அவருடைய அம்மா தனியாக இருக்கிறார், சோறு பொங்கித் தர ஆளில்லை, தனக்கு இல்லை என்று தெரிந்தால் போய்விடலாம். எடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று எடுத்தேன். குச்சி சரியாகத்தான் போனது. கண்ணில் தண்ணீர் வந்தது. மூடியை இறுக்கி எண்ணை ஒட்டினேன்.

இரண்டு நாள் கழித்து அவரே நேரில் வந்து கேட்டார். பட்டியலைப் பார்த்தேன். நெகட்டிவ்.

"ஒண்ணும் இல்லம்மா. தைரியமா போங்க."

நான் சொன்னது அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வரிசையில் அவர் மறுபடி நின்றார். மூச்சு வாங்கவில்லை, ஆனால் முகம் வாடிப்போயிருந்தது. "கருவாட்டுக் கூடைக்குள்ள மூஞ்ச வெச்சிப் பாத்தேன் கண்ணு. வாசனையே தெரியல" என்றார். மணமும் சுவையும் தெரியாமல் போவதை மத்திய சுகாதார அமைச்சகம் அறிகுறிப் பட்டியலில் சேர்த்தது ஜூன் 13-ஆம் தேதி. எங்களுக்கு அதன் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கமே வந்தது. முப்பது வருடம் மீனோடு இருந்த ஒரு பெண்ணுக்குக் கருவாடு மணக்கவில்லை என்றால் அதற்கு மேல் எனக்கு எந்தப் பட்டியலும் தேவைப்படவில்லை. எடுத்தேன். பாசிட்டிவ். அவர் தேறிவிட்டார். அவருடைய அம்மா தேறவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் போய்விட்டார். அந்த வயதான அம்மாவுக்கு மகளிடமிருந்துதான் வந்ததா, தண்ணீர் வரிசையிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இதை நானே எனக்குப் பல தடவை சொல்லிக்கொண்டேன். "எங்கம்மாக்கு நானே குடுத்துட்டனா?" என்று அவர் போனில் கேட்டபோது மட்டும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

செப்டம்பரில் மூன்று மாதத்துக்கு, மாதிரிகளைப் பரிசோதிக்கும் ஆய்வகத்துக்கு என்னை மாற்றினார்கள். அதுவரை ஐஸ் பெட்டியை வண்டியில் ஏற்றுவதோடு என் வேலை முடிந்துவிடும். இப்போது மறுமுனையில் உட்கார்ந்தேன். வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதை டி.என்.ஏ.வாக மாற்றி, இயந்திரத்தில் வைத்தால் சூடேற்றிக் குளிரவைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அதை இரண்டு மடங்காக்கிக்கொண்டே போகும். ஒன்று இருபது சுற்றில் பத்து லட்சத்தைத் தாண்டும். முப்பதாவது சுற்றில் நூறு கோடியைத் தாண்டும். திரையில் முதலில் கோடு தரையோடு தரையாகப் போகும். வைரஸ் நிறைய இருந்தால் பதினெட்டு, இருபதாம் சுற்றிலேயே எழுந்துவிடும். கொஞ்சமாக இருந்தால் முப்பதுக்கு மேல் சோம்பலாகத் தலை தூக்கும். குச்சியில் ஒன்றுமே ஒட்டாமல் வந்திருந்தால் நாற்பது சுற்று ஓட்டினாலும் எழாது.

அதே திரையில் இன்னொரு கோடும் உண்டு. அது வைரஸுக்கானது அல்ல, மனிதருக்கானது. மனிதச் செல்களில் இருக்கும் ஒரு மரபணுவை அது தேடும். அந்தக் கோடு எழுந்தால் குச்சி ஒரு மனிதரைத் தொட்டிருக்கிறது என்று பொருள். இரண்டு கோடுமே எழாவிட்டால் அந்த மாதிரி செல்லாது, நெகட்டிவ் என்று சொல்லக் கூடாது, மறுபடி எடுக்க வேண்டும். முதல் முறை அந்தக் கோட்டைப் பார்த்தபோது என்னென்னவோ நினைவுக்கு வந்தது. வலிக்கும் என்று பாவப்பட்டு மூக்கின் நுனியிலேயே சுற்றிவிட்டு எடுத்த குழந்தைகளின் குச்சிகள், மாலை ஆறு மணிக்குக் கை சோர்ந்து எடுத்த கடைசிப் பத்துக் குச்சிகள். பாவம் பார்ப்பதாக நினைத்துச் செய்தது அவர்களுக்கு நல்லது செய்யவில்லை.

அந்த அம்மாவின் முதல் மாதிரியில் மனிதக் கோடு எழுந்திருக்கும், எனக்குச் சந்தேகமில்லை. வைரஸ் கோடு எழவில்லை, அவ்வளவுதான். அந்த ஆண்டு வந்த ஓர் ஆய்வில் படித்தேன்: தொற்றிய முதல் நாட்களில் இந்தப் பரிசோதனை ஏறக்குறைய எல்லோரையும் தவறவிடும், அறிகுறி தொடங்கும் நாளில்கூட நூறில் 38 பேரைத் தவறவிடலாம், மிகக் குறைவாகத் தவறவிடும், தொற்றிய எட்டாம் நாளிலும் 20 பேர் தப்பிவிடலாம். இயந்திரத்திலிருந்து வரும் சொல் "கண்டறியப்படவில்லை" என்பதுதான். அது மேஜை மேஜையாக இறங்கி வரும்போது "நெகட்டிவ்" ஆகி, என் வாயில் "ஒண்ணும் இல்லம்மா" ஆகிவிட்டது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். மீன் மார்க்கெட் ஓரத்தில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நாள் கணக்கு, முதல் நாட்களில் வைரஸ் குச்சிக்கு எட்டாமல் இருப்பது, அன்று எடுத்திருக்கவே கூடாது என்பது, எடுத்தாலும் நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு என்பது. மீன் ரத்தம் வழியும் பலகையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வல வெறும் வலயா வந்தா கடல்ல மீனே இல்லன்னு அர்த்தமா கண்ணு? அன்னிக்கு அந்த எடத்துல படல, அவ்ளோதான். இத்த நீ அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா எனக்குப் புரிஞ்சிருக்குமே."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. "புரியாது" என்று டிவியில் பேசியவர்கள் மேல் கோபப்பட்ட நானும் அன்று அதையேதான் செய்திருக்கிறேன். வரிசை நீளம், அவசரம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் நாலு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இவருக்கு எதற்கு இவ்வளவு விளக்கம் என்று எனக்குள் ஏதோ ஒன்று முடிவு செய்துவிட்டது.

அதன் பிறகு நான் யாருக்கும் "ஒண்ணும் இல்ல" என்று சொன்னதில்லை. "இன்னிக்கு எடுத்ததுல தெரியல. இன்னும் அஞ்சு நாள் வீட்டுப் பெரியவங்க கிட்ட போவாதீங்க. காய்ச்சல் வந்தா, மூச்சு வாங்கினா, வாசனை தெரியலன்னா மறுபடி வாங்க." இதைச் சொல்ல இருபது நொடி ஆகும். நூறு பேருக்குச் சொன்னால் அரை மணிக்கு மேல் ஆகும். எங்கள் மேற்பார்வையாளர் முதலில் முணுமுணுத்தார், அப்புறம் மற்ற மேஜைகளிலும் அப்படியே சொல்லச் சொன்னார்.

2021 மே. இரண்டாவது அலை. முதல் அலையில் வயதானவர்களைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள், இப்போது முப்பது வயதுக்காரர்களையும் ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். ஆக்சிஜன் அளவு 85, 82 என்று விரலில் மாட்டிய கருவி காட்டும்போது குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்ட நாட்கள் அவை. நான் பழைய ஷாமியானாவுக்கே திரும்பியிருந்தேன்.

ஒருநாள் பத்தரை மணி இருக்கும். வரிசையின் நடுவில் சத்தம். தன் தெருவிலிருந்து ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார் அந்த அம்மா. ஒரு பெண்ணிடம் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்: "உன் ஊட்டுக்காரனுக்கு என்னிக்குச் சொரம் வந்துச்சு? செவ்வாயா? அப்ப இன்னிக்கு எடுக்காத. சனிக்கெழம வா. அது வரிக்கும் மாமியா பக்கம் போவாத." அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அப்புறம் இருமலோடு வந்த இன்னொரு பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்தார். நான் படிவத்தை எடுத்தேன். பெயர், வயது, கதவு எண். போன் நம்பர் கேட்டதும் அந்தப் பெண் ஒரு கணம் தயங்கினாள். அந்த அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து தன் போனை எடுத்து மேஜையில் வைத்தார்.

"என் நம்பரயும் சேத்து எழுதிக்கோ கண்ணு. இவ போன்ல சார்ஜ் நிக்காது. ரெண்டுக்கும் மிஸ்டு கால் குடு."

கொடுத்தேன். முதலில் ஒன்று அடித்தது, பிறகு மற்றது. குச்சியின் உறையைப் பிரித்தேன்.