கருவைத் தானமாகக் கேட்கும் படிவம்

கரு ஸ்டெம் செல் (கருவில் இருந்து எடுக்கும், உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய செல்) ஆராய்ச்சி என்றதும் பேச்சு நேராக 14 நாள் விதிக்குப் போய்விடும். கருவுற்ற 14 நாள், அல்லது உடலின் அச்சைக் காட்டும் முதல் கோடு தோன்றும் நேரம், இரண்டில் எது முந்துகிறதோ அதற்குமேல் கருவை ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது. சரிதான். ஆனால் ஸ்டெம் செல் எடுப்பது பிளாஸ்டோசிஸ்ட் எனும் ஐந்தாறு நாள் வயதுள்ள கருவில் இருந்து. சேலத்தில் ஒரு மாணவர் இந்த ஆராய்ச்சிக்கு அனுமதி கேட்டு ப்ரொபோசல் எழுத உட்கார்ந்தால் அந்த விதி அவரை உரசக்கூடச் செய்யாது. ஃபைல் நிற்பது வேறு இடங்களில்.

முதல் இடம் கமிட்டி. எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் போதும் என்று நினைத்துக் கோட்டை விடுகிறார்கள். ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட 2017 வழிகாட்டுதலின்படி ஐசி-எஸ்சிஆர் என்ற, ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான நிறுவனத்தின் தனிக் கமிட்டியும் வேண்டும். அது தேசிய உச்சக் கமிட்டியிடம் பதிவாகியிருக்கவும் வேண்டும். பதிவு எண்ணை முதலில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே உருவான செல் லைனில் (ஒரு கருவில் இருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கிவரும் செல்கள்) வேலை என்றால் (விஸ்கான்சினின் எச்9, பெங்களூரு ஜேஎன்சிஏஎஸ்ஆரின் பிஜேஎன்ஹெம்19 போல) பெரிய சிக்கல் இல்லை. லைன் எங்கிருந்து வந்தது, எத்தனையாவது பாசேஜ் (எத்தனை முறை புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்தது), குரோமோசோம் ரிப்போர்ட், கைமாற்று ஒப்பந்தம் எல்லாம் கையில் இருந்தால் சரி.

புது லைன் உருவாக்க வேண்டுமென்றால் கரு வேண்டும், கருவுக்கு உரியவர்களின் கன்சென்ட் (சம்மதம்) வேண்டும். பாதிக்குமேல் தகராறு இங்கேதான்.

செயற்கைக் கருத்தரிப்பு சட்டம் 2021, சிகிச்சைக்காக உருவாக்கிய கருவை 10 வருடத்துக்குமேல் உறையவைத்திருக்க விடாது. அதன்பின் அழியவிடலாம், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். அந்த நிறுவனமும் இதே சட்டத்தில் பதிவானதாக இருக்க வேண்டும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஆராய்ச்சிக்காக வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. பணம் கைமாறக் கூடாது. 2022-ல் ஈரோட்டுச் சிறுமியின் கருமுட்டை விற்பனை வழக்கு வெளிவந்த பிறகு, சேலம், ஈரோடு பக்கம் இப்படி ஒரு படிவத்தை நீட்டினால் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். பார்ப்பதில் தப்பும் இல்லை.

படிவத்தை ஆங்கிலத்தில் எழுதி, வரிக்கு வரி தமிழாக்கினால் ‘உபரிக் கரு’ என்று வந்து நிற்கும். நான்கு வருடம் ஆஸ்பத்திரி ஏறி இறங்கிய ஓமலூர்த் தம்பதியிடம் உபரி என்று சொல்வதா? ‘நீங்கள் இனி பயன்படுத்தப் போவதில்லை என்று முடிவு செய்த கரு’ என்று எழுதலாம், நீளமானாலும். ‘செல்லைப் பிரித்தெடுக்கும்போது கரு அழிந்துவிடும்’ என்பதைப் பூசி மெழுகாமல் முதல் பக்கத்திலேயே போடுங்கள். அந்தச் செல்கள் பல வருடம் பெருகிக்கொண்டே இருக்கும், பிற ஆய்வகங்களுக்குப் போகலாம், அதிலிருந்து யாராவது வருமானம் பார்க்கலாம், உங்களுக்குப் பங்கு வராது என்பதும் வேண்டும். உங்களுக்குச் சிகிச்சைப் பலன் கிடையாது என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். மூட்டுவலி முதல் ஆட்டிசம் வரை ஸ்டெம் செல்லில் குணமாகும் என்ற விளம்பரங்களைப் பார்த்தவர்கள், கருவைக் கொடுத்தால் சிகிச்சை கிடைக்கும் என்று நினைப்பார்கள். (2007 வழிகாட்டுதலின் தலைப்பில் ‘சிகிச்சை’ என்ற சொல் இருந்தது, 2013-ல் அதைத் தூக்கினார்கள். நல்ல காரியம்.)

கையெழுத்து கணவன், மனைவி இருவருடையதும். கேட்பவர் அவர்களுக்குச் சிகிச்சை தரும் டாக்டராக இருக்கக் கூடாது. மறுத்தால் ட்ரீட்மென்ட் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் தலையாட்டிவிடுவார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் சேலத்தில் நிறைய. படிவத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, அவர்கள் பாஷையில் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும்.

கருவில் இருந்து லைன் எடுக்கும் வேலை தொடங்கும்வரை அவர்கள் மனசு மாறலாம். அதனால் ஆய்வகத்துக்கு வரும் ஸ்ட்ராவில் (உறைந்த கரு இருக்கும் மெல்லிய குழாய்) பெயர் இருக்கக் கூடாது, குறியீட்டு எண் மட்டும். எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள பட்டியல் கிளினிக்கிலேயே பூட்டி இருக்கட்டும். கருவை உறைநிலையில் வைத்திருக்கும் நைட்ரஜன் கேனில் இருந்து எடுப்பதற்கு முந்தின நாள் கிளினிக்குக்கு ஒரு போன் போட்டு, அந்த எண்ணுக்கு உரியவர்கள் வாபஸ் வாங்கவில்லையே என்று கேட்டு, நேரத்தோடு நோட்டில் எழுதிவையுங்கள். எந்த விதியும் இந்தப் போனைக் கேட்கவில்லை. ஆனால் உருக்கிய கருவில் வேலை தொடங்கிய பிறகு மன்னிப்பு கேட்டுப் பயனில்லை.