வெப்பம் தாங்கும் பிசின்கள்: இடைத்தேர்வில் தவறி இறுதித் தேர்வில் தேறிய அனுபவம்

பகலில் விமானப் பாகங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை, மாலையில் பகுதிநேர முதுநிலைப் படிப்பு என்று சிங்கப்பூரில் எனக்கு இரண்டரை ஆண்டுகள் ஓடின. அந்தப் படிப்பில் முதலில் மிகவும் கடினமாக இருந்து, பிறகு மிகவும் பிடித்துப்போன பாடம், இழை வலுவூட்டிய கூட்டுப்பொருள்களுக்கான வெப்பம் தாங்கும் தெர்மோசெட் பிசின்கள், அதாவது ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாத பிசின்கள். இந்தப் பாடத்தை இனி எடுக்கப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், நான் எங்கே தவறினேன், எப்படிப் படித்தேன் என்பதை எழுதுகிறேன்.

இடைத்தேர்வில் ஒரு கேள்வி. இரண்டு பிசின்களின் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை (கண்ணாடிபோல் விறைத்த பிசின் இளகும் வெப்பநிலை), அதாவது நாங்கள் சுருக்கமாக டிஜி என்று சொல்வது, கொடுக்கப்பட்டிருந்தது. முதலாவதற்கு 215 டிகிரி செல்சியஸ், இரண்டாவதற்கு 205. எது அதிக வெப்பம் தாங்கும் என்று கேட்டிருந்தார்கள். நான் தயங்காமல் முதலாவது என்று எழுதினேன். அட்டவணையின் அடிக்குறிப்பை நான் படிக்கவில்லை. முதல் எண் டான் டெல்டா வளைவின் (அதிர்வின் ஆற்றலைப் பிசின் எவ்வளவு இழக்கிறது என்று காட்டுவது) உச்சியிலிருந்தும், இரண்டாவது எண் விறைப்பு சரியத் தொடங்கும் இடத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை. ஒரே மாதிரித்துண்டை, அதை அதிரவைத்தபடியே சூடேற்றி விறைப்பை அளக்கும் ஒரே டிஎம்ஏ கருவியில் வைத்தாலும், உச்சி எப்போதும் சரிவின் தொடக்கத்துக்குப் பின்னால்தான் வரும். பல பிசின்களில் இடைவெளி 15 டிகிரியையும் தாண்டும். ஆகவே உண்மையில் இரண்டாவது பிசின்தான் மேலானதாக இருக்க வாய்ப்பு அதிகம். கூட்டுப்பொருள்களுக்கான ஏஎஸ்டிஎம் டி7028 சோதனைமுறை, நிமிடத்துக்கு 5 டிகிரி வேகத்தில் சூடேற்றி, 1 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், விறைப்பு சரியத் தொடங்கும் இடத்தையே டிஜி என்று எடுக்கச் சொல்வதன் காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது. சுமை தாங்கும் பாகத்தை வடிவமைக்கும் பொறியாளருக்கு விறைப்பு எங்கே கைவிடுகிறது என்பதே முக்கியம்.

அதன் பிறகு ஒவ்வொரு எண்ணையும் பார்க்கும்போது, அது எந்த முறையில் அளந்தது, உலர்ந்த துண்டா ஈரமேறிய துண்டா, எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் இறுகவைத்தது என்று கேட்கப் பழகிக்கொண்டேன். இந்தப் பாடம் முழுவதும் இந்தக் கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது என்றே நினைக்கிறேன்.

ஈரத்தைப் பற்றிய கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். விமானத் துறையில் பரவலாகப் புழங்கும் ஓர் எப்பாக்சி பிரிப்ரெக்கின் (பிசின் முன்பே ஊறிய இழைத்தாள்) தரவுத்தாளில் உலர்ந்த நிலையில் டிஜி 200 டிகிரி, ஈர நிலையில் 154 டிகிரி என்று இருக்கிறது. நீர் மூலக்கூறுகள் பிசின் வலைக்குள் புகுந்து சங்கிலிகளைத் தளர்த்திவிடுவதால் 46 டிகிரி போய்விட்டது. கூட்டுப்பொருள்களுக்கான சிஎம்எச்-17 கையேடு பரிந்துரைக்கும் வழக்கப்படி, பாதுகாப்பு இடைவெளியாக ஈர டிஜியிலிருந்து இன்னும் 28 டிகிரி கழித்தால் 126. தாளில் 200 என்று தொடங்கிய பொருளை 120 டிகிரியை ஒட்டிய வேலைக்குத்தான் நம்பலாம். இந்தக் கழித்தலைத் தேர்வுத்தாளில் வரிவரியாகச் செய்து காட்டுங்கள். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊரில் படிக்கிற நமக்கு இது வெறும் பாடமில்லை. பட்டறையில் சேர்ந்த புதிதில், மைனஸ் 18 டிகிரி உறைகுளிரில் வைத்திருந்த பிரிப்ரெக் சுருளை வெளியே எடுத்து, அவசரத்தில் ஒரு மணி நேரத்திலேயே பையைப் பிரித்துவிட்டேன். பாதுகாப்புத் தாளின்மேல் பொடிப்பொடியாக நீர்த்துளிகள் அரும்பின. துடைத்துவிட்டு அடுக்கினேன். அழுத்தமும் சூடும் கொடுத்து இறுகவைக்கும் ஆட்டோகிளேவிலிருந்து வெளிவந்த தகட்டை வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, அடுக்குகளுக்கு இடையில் கறுப்புப் புள்ளிகளாக வெற்றிடங்கள் வரிசையாகத் தெரிந்தன. மூத்த தொழில்நுட்பர் ஒருவர், “பைக்கு வெளியே வேர்ப்பது நிற்கிற வரைக்கும் உள்ளே கை வைக்காதே தம்பி, தொட்டால் அறையின் சூடு இருக்கணும்” என்றார். சயனேட் எஸ்டர் பிசின்களைப் பற்றிப் படித்தபோது அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. இறுகும் நேரத்தில் ஈரம் இருந்தால் அவை நீரோடு வினைபுரிந்து கார்பமேட்டாகி, அது சிதைந்து கரியமில வாயு வெளிப்பட்டு, தகடு கொப்புளிக்கும். மேலான பிசின் என்று பெயர் எடுத்தவற்றுக்கும் நம் ஊர்க் காற்றில் கூடுதல் கவனம் வேண்டும்.

அடுத்து, இறுகவைத்தலை ஒரு நிகழ்வாகப் படிக்காமல் ஒரு பயணமாகப் படியுங்கள். பெரிய கட்டத்தாளில் குறுக்கே நேரத்தையும் நெடுக்கே வெப்பநிலையையும் வைத்து, அடுப்பின் கோட்டை ஒரு நிறத்திலும் பிசினின் டிஜி ஏறும் கோட்டை இன்னொரு நிறத்திலும் வரைந்தேன். வினை நடக்க நடக்கக் குறுக்குப் பிணைப்புகள் கூடி, டிஜி ஏறிக்கொண்டே வரும். அது அடுப்பின் வெப்பநிலையை எட்டிப்பிடித்ததும் பிசின் கண்ணாடிபோல் உறைந்து, மூலக்கூறுகள் அசைய இடமின்றி வினை ஏறக்குறைய நின்றுவிடும். 180 டிகிரியில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் 280 டிகிரி டிஜி கிடைக்காததற்கும், பிஸ்மாலிமைடு போன்ற பிசின்களுக்குப் பின்சூடேற்றம் (முதலில் இறுகவைத்தபின் இன்னும் அதிக வெப்பத்தில் வைப்பது) தேவைப்படுவதற்கும் இதுவே காரணம். பின்சூடேற்றத்தில் வெப்பத்தை மெதுவாக ஏற்ற வேண்டும். அடுப்பு டிஜியை முந்திவிட்டால் தாங்கலின்றி நிற்கும் பாகம் இளகி வளைந்துவிடும்.

சூடேற்றும்போது துண்டு வெளியிடும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி சோதனையின் கணக்கில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. பிரிப்ரெக் துண்டில் இன்னும் இறுகாத பிசின் வெளியிடும் மிச்ச வெப்பம் கிராமுக்கு 14 ஜூல் வருகிறது, பிசினின் முழு வினைவெப்பம் கிராமுக்கு 400 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். 14-ஐ 400-ஆல் வகுத்து, இறுகாதது 3.5 விழுக்காடு என்று எழுதிவிடுவார்கள். ஆனால் துண்டின் எடையில் பிசின் 35 விழுக்காடுதான். இழை வெப்பம் எதையும் வெளியிடாது. 14-ஐ முதலில் 0.35-ஆல் வகுத்தால் 40. அப்படியானால் இறுகாமல் இருப்பது 10 விழுக்காடு.

பிசின் குடும்பங்களில் ஃபீனாலிக்கைச் சுருக்கமாகப் படித்தால் போதும். 1907-இல் பேக்லாண்ட் தொடங்கிவைத்தது. இறுகும்போது நீரை வெளியிடும். எரிந்தால் புகை குறைவு, கரி அதிகம், அதனால் விமான அறையின் உட்பலகைகளில் அதற்கு இடம் உண்டு. பென்சாக்சசீன் வளையம் திறந்து இறுகுவதால் வெளியேறும் பொருள் ஏதுமில்லை, சுருக்கமும் மிகக் குறைவு. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவான தாலோநைட்ரைலை 375 டிகிரி வரை பின்சூடேற்றினால், சிதையும்வரை டிஜியே தென்படாது.

நேரம் செலவிட வேண்டியது பிஎம்ஆர்-15 என்ற பாலிஇமைடில். 1970-களின் தொடக்கத்தில் நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் பிறந்தது. மூன்று மோனோமர்களை (சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும் சிறு மூலக்கூறுகள்) மெத்தனாலில் கரைத்து, அந்தக் கரைசலை இழையில் ஊறவைக்கிறார்கள். பெயரிலுள்ள 15, இடைநிலைச் சங்கிலியின் மூலக்கூறு எடை 1500 என்பதைக் குறிக்கிறது. அந்த மோனோமர்களான நாடிக் எஸ்டர், டையமீன், டெட்ராகார்பாக்சிலிக் எஸ்டர் ஆகியவற்றின் மோல் விகிதம் 2 : 3.087 : 2.087. இதன் அழகு இறுகும் வரிசையில் இருக்கிறது. முதற்கட்டத்தில் இமைடு உருவாகும்போதே நீரும் மெத்தனாலும் வெளியேறிவிடுகின்றன. பிறகு 316 டிகிரியை ஒட்டி சங்கிலிகளின் நாடிக் முனைகள் பிணையும்போது வெளியேறக் கணிசமாக எதுவும் மிச்சமில்லை. வாயுவை முதலில் போகவிட்டு வலையைப் பிறகு கட்டுவதால் வெற்றிடம் குறைகிறது. இதனால் 288 டிகிரியில் நெடுங்காலம் உழைக்கும் பொருள் கிடைக்கிறது. அதன் குறைகளையும் எழுத வேண்டும். சூடும் குளிருமாக மாறிமாறிப் பட்டால் நுண்விரிசல் விடும். அதில் டையமீனாகச் சேரும் மெத்திலீன்டயனிலின் கல்லீரலைப் பாதிக்கும் நச்சுப்பொருள், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று ஐயத்துக்கு உள்ளானது.

“சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா” என்று ஊரில் கேட்பார்கள். இறுகிவிட்ட தகட்டின்மேல் புதுப் பிசினை ஒட்டும் பழுதுபார்ப்புக் கேள்வி எங்கள் இறுதித் தேர்வில் வந்தபோது அந்த வழக்கே எனக்கு வழிகாட்டியது. பழைய பரப்பில் வினைபுரியும் முனைகள் அநேகமாகத் தீர்ந்துவிட்டன என்பதால் அதைத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும், தகடு உறிஞ்சிய ஈரத்தை முதலில் உலர்த்த வேண்டும், ஒட்டும் பிசினின் ஈர டிஜி அந்த இடத்தின் வேலை வெப்பத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று காரணங்களோடு எழுதினேன். இடைத்தேர்வில் இழந்த மதிப்பெண்ணை அந்த ஒரு கேள்வியே ஏறக்குறைய மீட்டுத் தந்தது.